அரிசிப் பட்டியலும் பெயர்ப் பட்டியலும்

தேவாலயங்களைச் சார்ந்து இயங்கும் தொண்டர் குழுக்களைப் பற்றி நம்மிடையே இருவகைக் கருத்துகள் உண்டு. பக்தர்கள் அவற்றைப் போற்றுகின்றனர். முற்போக்காளர் எனத் தம்மைக் கூறிக்கொள்வோர் அவற்றைக் கண்டு முகஞ்சுளிக்கின்றனர். முன்னவர்க்கு அத்தொண்டு மோட்சத்துக்கு வழி. பின்னவர்க்கு அது ஏழையின் கோபத்தைத் தணிக்கும் ஒருபிடி அரிசி. ஒன்றில் மட்டும் இரு சாராரும் ஒத்துப்போகின்றனர். அக்குழுக்கள் செய்த காரியம் யாது, செய்யத் தவறியது யாது என ஆராய்ந்து பார்க்க இருவருமே முன்வருவதில்லை. புகழ்ச்சியும் இகழ்ச்சியும் விமர்சனம் ஆகா. மக்களிடையே வேரூன்றிய ஓர் இயக்கத்தை, அது தோன்றிய சூழலில் வைத்து, அது தனக்குத் தானே விதித்துக்கொண்ட இலட்சியத்தையே உரைகல்லாகக் கொண்டு உரசிப் பார்ப்பதுதான் விமர்சனம்.

அத்தகைய பரிசோதனைக்கு இலங்கையில் மன்னாரைவிடப் பொருத்தமான களம் வேறில்லை. தலைமன்னார் முனையில் இராமேசுவரத்தை எதிர்நோக்கி நீண்டு கிடக்கும் சிறு தீவு. பாலத்துக்கு அப்பால், கட்டுக்கரைக் குளத்து நீரை நம்பி நெல் விளைக்கும் மாதோட்ட நிலம். தெற்கே முத்துக்குளிப்புக்குப் பெயர்போன அரிப்பு, சிலாவத்துறைக் கரை. பேசாலை, வங்காலை, விடத்தல்தீவு முதலிய ஊர்களிலே கடற்றொழில் செய்து வாழும் கத்தோலிக்கர். எருக்கலம்பிட்டி, தாராபுரம், முசலிப் பகுதிகளிலே முஸ்லிம்கள். பாடல்பெற்ற திருக்கேதீச்சரத்தைச் சூழ்ந்து சைவர். இத்தனை சமூகங்கள் அருகருகே வாழும் ஒரு மண்ணில், சுமார் முப்பதாண்டுக் காலம் போர் நடந்தது. அப்போரின்போது வீட்டை இழந்தவன் முதலில் தட்டிய கதவு பெரும்பாலும் தேவாலயக் கதவே. ஆகவே, தொண்டு என்பது யாது, அது எப்போது நீதியாகிறது என்ற கேள்விக்கு மன்னார் தரும் விடை ஏட்டுச் சுரைக்காய் அன்று.

*

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். ‘ஈகை’ என்றும் ‘ஒப்புரவு’ என்றும் ‘முறை’ என்றும் நம் மொழியில் மூன்று சொற்கள் உள. ஈகை, இல்லாதவர்க்கு ஒன்றைக் கொடுத்தல். ஒப்புரவு, உலக நடையறிந்து ஊருக்குப் பயன்பட வாழ்தல். முறை, நீதி. வள்ளுவர் ஒப்புரவறிதலையும் ஈகையையும் அறத்துப்பாலில், இல்லறவியலில் அடுத்தடுத்த அதிகாரங்களாக வைத்தார். முறை செய்தலைப் பற்றிப் பேசும் செங்கோன்மையையும் அதற்கு மறுதலையான கொடுங்கோன்மையையும் பொருட்பாலில், அரசியலில் வைத்தார். இந்த வைப்புமுறையில் ஒரு பெரிய உண்மை அடங்கியிருக்கிறது. ஈவது தனிமனிதன் தன் வீட்டு வாயிலில் நின்று செய்யும் காரியம். முறை கேட்பதோ அரசனின் வாயிலுக்குச் சென்று செய்யவேண்டிய காரியம். முன்னதற்கு இரக்கம் போதும்; பின்னதற்குத் துணிவு வேண்டும். முன்னதைச் செய்பவனை ஊர் வாழ்த்தும். பின்னதைச் செய்பவனை அரசு குறித்து வைத்துக்கொள்ளும்.

உலகெங்கும் திருச்சபையின் தொண்டர் குழுக்கள் நெடுங்காலம் வீட்டு வாயிலிலேயே நின்றன. 1833இல் பாரிஸ் நகரில் பிரடெரிக் ஓசானாம் என்ற இளைஞரும் அவர்தம் மாணவ நண்பர்களும் தொடங்கிய வின்சென்ட் தே போல் சபை இதற்குத் தலையாய எடுத்துக்காட்டு. ஏழைகளைத் தேடி அவர்கள் வீட்டுக்கே செல்வதைத் தன் விதியாகக் கொண்ட அச்சபை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இலங்கைக்கும் வந்தது. இன்றும் பங்குகள்தோறும் அதன் கிளைகள் உள. விதவைக்கு அரிசி, நோயாளிக்கு மருந்து, மாணவனுக்குக் கொப்பி, வீடற்றவனுக்குக் கிடுகு எனப் பட்டியல் போட்டுக் கொடுத்துவரும் அச்சபையினரைக் குறைகூற எவர்க்கும் வாய் வராது. பசித்தவனுக்கு அரிசிதான் முதற்கேள்வி என்பதை, பசித்திராத நாம் மறந்துவிடலாகாது. ஆயினும் ஓசானாமே, அன்பு மட்டும் போதாது, நீதியும் வேண்டும் என்பதை உணர்ந்திருந்தவர். அவருடைய சபையின் நடைமுறையில் அன்பு தங்கிற்று. நீதி பிரசங்கங்களோடு நின்றுவிட்டது.

இந்நிலையை அசைத்தது 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம். உலகத்து ஏழைகளின் துயரமும் நம்பிக்கையும் திருச்சபையின் துயரமும் நம்பிக்கையுமே என்ற கருத்து அதன் ஏடுகளிலே இடம்பெற்றது. அதன் அலை இலங்கையையும் எட்டியது. 1968இல் செடெக் என்னும் சமூக பொருளாதார அபிவிருத்தி நிலையம் தோன்றியது. 1971இல் திஸ்ஸ பாலசூரிய அடிகள் கொழும்பில் சமூகத்துக்கும் சமயத்துக்குமான நிலையத்தை நிறுவினார். ஊவா மாகாணத்தில் பௌத்த விவசாயிகளோடு வாழ்ந்த மைக்கேல் றொட்ரிகோ அடிகள் 1987 நவம்பரில் புத்தளையில் பூசை நிறைவேற்றிய இடத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். மன்னார் 1981இல் யாழ்ப்பாண மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மறைமாவட்டமாயிற்று. அதன் சமூகப்பணி நிறுவனம் ‘வாழ்வுதயம்’ என்ற அழகிய பெயரைத் தாங்கிற்று. இவையெல்லாம் நிறுவனங்களின் வரலாறு. நிறுவனம் இலட்சியத்தை எழுதி வைக்கும். இலட்சியத்தைச் சோதிப்பதோ காலம்.

*

மன்னாரில் இச்சோதனை புதிதன்று. இம்மண்ணின் கத்தோலிக்க வரலாறே எளிய மக்களின் குருதியில் தொடங்குகிறது. பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவானவரிடம் ஞானஸ்நானம் பெற்ற மன்னார் மக்கள் அறுநூறு பேருக்கு மேல் 1544இல் யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னனால் கொல்லப்பட்டனர் என்பது வழிவழி வரும் செய்தி. 1658இல் ஒல்லாந்தர் வடபகுதியைக் கைப்பற்றியபின் கத்தோலிக்க மதம் தடைசெய்யப்பட்டது, குருமார் துரத்தப்பட்டனர். அப்போது திருச்சபையைக் காப்பாற்றியவர்கள் யார்? ஊர் மூப்பர்களும் அண்ணாவிமாரும் உபதேசியார்களுமே. 1687இல் மாறுவேடத்தில் இலங்கைக்கு வந்த யோசேப் வாஸ் அடிகள் இவர்களை ஊர்தோறும் நிலைநிறுத்தியே தம் பணியைத் தொடர்ந்தார். குரு இல்லாத ஊரில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்ததும், செபம் சொல்லிக் கொடுத்ததும், செத்தவனைப் புதைத்ததும், ஏழையைக் கவனித்ததும் இவர்களே. மாந்தையிலிருந்து மாதாவின் சுரூபத்தைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் ஓடிய குடும்பங்களின் கதைதான் மடுத் திருத்தலத்தின் கதை.

எனவே ‘பொதுநிலைத் தொண்டர்’ என்பது மன்னாருக்கு ரோமாபுரியிலிருந்து இறக்குமதியான சரக்கு அன்று. அடக்குமுறைக் காலத்தில் ஊர் தன்னைத் தானே தாங்கிக்கொண்ட பழக்கம் அது. இப்பழக்கமே மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் போர்க்காலத்தில் மீண்டும் உயிர்பெற்றது என்பது நம் முதற்கருத்து.

1984 டிசம்பரில் மன்னார்ப் பகுதியில் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டனர். அம்மாதமே மெதடிஸ்த திருச்சபையின் ஜெயராஜசிங்கம் போதகர் கொல்லப்பட்டார். அடுத்த மாதம், 1985 ஜனவரி 6ஆம் நாள், வங்காலைப் பங்குத்தந்தை மேரி பஸ்ரியன் அடிகள் தம் தேவாலய வளாகத்திலேயே சுடப்பட்டார். அவருடைய உடல் கிடைக்கவேயில்லை. தம் மக்களுக்கு நேர்ந்த கொடுமைகளின் விவரங்களைத் திரட்டி வைத்திருந்தமையே அவர் செய்த குற்றம் என மன்னார் மக்கள் இன்றும் சொல்கின்றனர். அரிசி கொடுத்ததற்காக எவரும் சுடப்பட்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை. எழுதி வைக்கத் தொடங்கியபோதே துப்பாக்கி திரும்புகிறது. ஈகைக்கும் முறைக்கும் இடையிலுள்ள எல்லைக்கோடு எங்கே செல்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எவர் காட்ட முடியும்?

*

இங்கே தொண்டரின் அன்றாட வேலையைச் சற்று உற்று நோக்குதல் வேண்டும்.

1990இல் போர் மீண்டும் மூண்டபோது மடுவும் பேசாலையும் ஐக்கிய நாடுகள் அகதிகள் அமைப்பின் திறந்த நிவாரண நிலையங்களாயின. மடுக் காட்டின் மரநிழலில் ஆயிரமாயிரம் குடும்பங்கள் ஆண்டுக்கணக்காகத் தங்கின. அங்கே தொண்டராக நின்றவர் பெரிய சிந்தனையாளர் அல்லர். ஊர்ப் பள்ளி ஆசிரியர், கன்னியர் மடத்துச் சகோதரி, படிப்பை இடைநிறுத்திய இளைஞன், மகனை இழந்த தாய். அவர்கள் கையிலிருந்த ஆயுதம் ஒரு கொப்பியும் பேனாவும். ஒரு குடும்பத்துக்கு அரிசி கொடுக்க வேண்டுமானால் முதலில் அதன் பெயரை எழுத வேண்டும். குடும்பத் தலைவர் யார்? உறுப்பினர் எத்தனை பேர்? எந்த ஊரிலிருந்து இடம்பெயர்ந்தனர்? கைக்குழந்தை உண்டா? நோயாளி உண்டா? இது அரிசிப் பட்டியல்.

சென்ற தடவை அக்குடும்பத்தில் ஆறு பேர். இந்தத் தடவை ஐந்து பேர். அந்த ஒருவர் எங்கே? இக்கேள்வியைக் கேளாமல் ஐந்து பேருக்கு அளந்து கொடுத்துவிட்டு அடுத்த குடும்பத்தைக் கூப்பிடும் தொண்டர் ஈகை செய்கிறார். கேள்வியைக் கேட்டு, விடையைத் தேதியோடு எழுதிக்கொள்ளும் தொண்டர் முறையின் வாசற்படியில் கால் வைக்கிறார். அரிசிப் பட்டியல் அக்கணமே பெயர்ப் பட்டியலாகிறது. நிவாரணக் கணக்காய் இருந்தது சாட்சியமாகிறது. மன்னார்த் தொண்டர் குழுக்களின் மெய்யான சாதனை இதுவே என்பது நம் இரண்டாவது கருத்து.

இது மன்னாருக்கு மட்டும் உரியதும் அன்று. சிலி நாட்டில் 1973இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபின், சந்தியாகோவின் கர்தினால் சில்வா என்றீக்கஸ் 1976இல் ஓர் உதவி நிலையத்தை அமைத்தார். சிறைப்பட்டோரின் குடும்பங்களுக்குக் கஞ்சி ஊற்றியவர்களே அங்கே, காணாமற்போனோரின் விவரங்களையும் ஒவ்வொன்றாகப் பதிந்து வைத்தனர். பிற்காலத்தில் அந்நாட்டின் உண்மை ஆணைக்குழுவுக்கு அப்பதிவுகளே பெருந்துணையாயின. எல் சல்வடோரில் பேராயர் ஒஸ்கார் றொமேரோ ஞாயிறுதோறும் கொல்லப்பட்டோரின் பெயர்களைத் தம் பிரசங்கத்தில் வாசித்தார். 1980 மார்ச் 24ஆம் நாள் பூசைப்பீடத்தில் அவர் சுடப்பட்டார். எங்கும் கதை ஒன்றே. கொடுப்பதிலிருந்து எழுதுவதற்கும், எழுதுவதிலிருந்து வாசிப்பதற்கும் செல்லும் பாதையிலேதான் ஆபத்து காத்திருக்கிறது.

மன்னாரிலும் அது காத்திருந்தது. 1999 நவம்பர் 20ஆம் நாள் மடுத் திருத்தலத்தின்மேல் எறிகணைகள் வீழ்ந்து, அடைக்கலம் புகுந்திருந்தோரில் சுமார் 40 பேர் மாண்டனர். 2007 செப்டெம்பர் 26ஆம் நாள், இயேசு சபை அகதிகள் சேவையின் மன்னார் இணைப்பாளராய் இருந்த பாக்கியரஞ்சித் அடிகள், வன்னியில் இடம்பெயர்ந்தோருக்குப் பொருள்கள் கொண்டு சென்ற வழியில் கிளேமோர்த் தாக்குதலில் கொல்லப்பட்டார். 2008 ஏப்ரிலில் மடுமாதாவின் சுரூபமே தேவன்பிட்டிக்கு இடம்பெயர நேர்ந்தது. ஒல்லாந்தர் காலத்துக் கதையை மறுபடியும் நடித்துக் காட்டுவதுபோல!

இவ்வனைத்தின் முடிவிலே, 2011 ஜனவரி 8ஆம் நாள், மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் ஒரு கணக்கை வைத்தார். கச்சேரிக் கணக்கின்படி 2008 ஒக்டோபர்த் தொடக்கத்தில் வன்னியில் இருந்த மக்கள் 429,059 பேர். போர் முடிந்தபின் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்ததாக ஐக்கிய நாடுகள் நிறுவனம் தந்த தொகை 282,380 பேர். எஞ்சியோர் 146,679 பேர். இவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று அவர் கேட்டார். ஐந்தாம் வகுப்பு மாணவன் போடக்கூடிய கழித்தற் கணக்கு! அதை ஓர் ஆணைக்குழுவின் முன் நின்று போட்டுக் காட்ட, ஒரு நாட்டில் ஒருவரே முன்வந்தார். அரிசிப் பட்டியலின் தருக்கம் அங்கே தன் உச்சத்தை அடைந்தது. ஆறு பேர் இருந்தனர், ஐந்து பேர் வந்தனர், ஒருவர் எங்கே என்ற அதே கேள்விதான் அது.

இவ்விடத்தில் ஒரு கண்டனத்தையும் சொல்லியாக வேண்டும். அவ்வெண்ணை மேடைதோறும் ‘கொல்லப்பட்டோர் தொகை’ என முழங்குவோர் ஆயரின் வினாவையே விடையாக்கிவிடுகின்றனர். அவர் வைத்தது கணக்கில் வாராதோர் தொகை. அதற்கு விடை சொல்லும் பொறுப்பு அரசுடையது. வினாவின் வலிமை அதன் துல்லியத்தில் இருக்கிறது. மிகைப்படுத்துவோன் எதிரிக்குத் தப்பும் வழியைத் திறந்துவிடுகிறான். 2018இல் மன்னார் நகரில் சதொச கட்டட வளாகத்தில் முந்நூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அடுத்த ஆண்டில் வந்த அமெரிக்க ஆய்வுகூட அறிக்கை, சோதித்த எலும்புகளின் காலத்தை 1404க்கும் 1635க்கும் இடைப்பட்டது எனக் கூறிற்று. காணாமற்போன பிள்ளைகளைத் தேடும் தாய்மாருக்கு அது பேரிடி. மேலும் சோதிக்க வேண்டும் என்று கேட்பது அவர்கள் உரிமை. ஆயின் நமக்கு உவப்பான விடை வரும்வரை மட்டும் ஆய்வை ஏற்போம் என்பது சாட்சியம் கூறுவோர்க்கு அழகன்று. உண்மைக்காக உயிர்கொடுத்தோரின் வழிவந்தவர்கள், உண்மை கசக்கும்போதும் அதன் பக்கமே நிற்க வேண்டும்.

*

இனி, செய்யத் தவறியதைப் பார்ப்போம்.

கத்தோலிக்கத் தமிழிலே ‘பங்கு’ என்றால் ஒரு குருவானவரின் ஆளுகைக்கு உட்பட்ட ஊர்களின் தொகுதி. பொதுத் தமிழிலே அதற்குக் ‘கூறு’, ‘உரிமை’ என்பது பொருள். இவ்விரு பொருள்களும் எங்கே ஒன்றாகின்றன, எங்கே பிரிகின்றன என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. தொண்டரின் நீதி பங்கின் எல்லையோடு நின்றுவிடுகிறதா? எல்லைக்கு அப்பால் வாழ்பவனுக்கும் அதில் பங்கு உண்டா?

1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். சுமார் 75,000 பேர். மன்னார்த் தீவின் முஸ்லிம்கள் சேர்த்த பொருளை விட்டு, பிறந்த மண்ணை விட்டு, படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். அண்டை வீட்டான் ஆறு பேராய் இருந்து ஒருவராகக் குறைந்ததன்று இது; வீடே வெறுமையானது. அப்பெயர்களை எழுதி வைத்த கொப்பி எத்தனை தேவாலயங்களில் இருக்கிறது? அரசின் கொடுமையைப் பேசிய அளவுக்குப் புலிகளின் கொடுமையைத் திருச்சபையார் பகிரங்கமாகப் பேசவில்லை என்ற குற்றச்சாட்டு நெடுங்காலமாக உண்டு. துப்பாக்கியின் நிழலில் வாழ்ந்தோரை, பாதுகாப்பான நாற்காலியில் இருந்துகொண்டு கடிந்துகொள்வது எளிது. அதை மனத்திற்கொண்டே சொல்கிறோம்: அக்குற்றச்சாட்டை முற்றாகத் தள்ளிவிட முடியாது. இரு பக்கத் துப்பாக்கிகளுக்கும் ஒரே கேள்வியை விடுக்கும்போதுதான் சாட்சியம் முழுமை பெறும்.

போர் முடிந்தபின் அக்கணக்கு வேறு உருவில் திரும்பி வந்தது. விடத்தல்தீவிலிருந்து இடம்பெயர்ந்த கத்தோலிக்கக் கடற்றொழிலாளர், முஸ்லிம்கள் வெளியேறியிருந்த உப்புக்குளத்தின் இறங்குதுறையைப் பயன்படுத்தி வந்தனர். மீண்டு வந்த முஸ்லிம் தொழிலாளர் தம் துறையைக் கேட்டனர். 2012 ஜூலையில் அத்தகராறு மன்னார் நீதிமன்றத்தின்மேல் கல்லெறியும் அளவுக்கு முற்றியது. இருபுறமும் நின்றோர் ஏழைகள்; இருவருமே இடம்பெயர்க்கப்பட்டோர்; இருவருக்கும் அடுப்பெரிய வேண்டும். தன் பங்கைச் சேர்ந்தவனுக்குத் துறை தேடித் தருவது ஈகை. இருவருக்கும் பொதுவான தீர்வுக்காக நிற்பதே முறை. இத்தகைய வேளையில் தொண்டர் குழு ஒரு சாராரின் வழக்கறிஞராகிவிட்டால், அதுவரை சேர்த்து வைத்த நம்பிக்கை ஒரே நாளில் கரைந்துவிடும்.

2019 மார்ச்சில், சிவராத்திரிக்கு முந்திய நாள், திருக்கேதீச்சர வீதியில் சைவர் அமைத்த அலங்கார வளைவைக் கத்தோலிக்கர் சிலர் பிடுங்கி எறிந்தனர். அக்காட்சியைத் தமிழுலகம் முழுவதும் கண்டது. 1544இன் தியாகிகளையும் ஒல்லாந்தர் காலத்து அடக்குமுறையையும் நினைவில் வைத்திருக்கும் மக்கள், பிறர் வழிபாட்டின்மேல் கைவைப்பது எத்தகைய மறதி! சிலர் செய்த செயலுக்கு ஒரு சமூகத்தைப் பழிக்கலாகாது என்பது உண்மை. ஆயினும் உரிமைகளைப் பற்றி ஆண்டுக்கணக்காக வகுப்பு நடத்திய குழுக்களின் பாடம் அந்த வீதி வரைக்கும் சென்று சேரவில்லை என்பதும் உண்மை.

எல்லை கடலிலும் உண்டு. பாக்கு நீரிணையின் அடித்தளத்தை வழித்தெடுக்கும் இந்திய இழுவைப் படகுகளால் மன்னார்த் தொழிலாளியின் வலையும் மீனும் அழிகின்றன. இழுவைத் தொழிலை இலங்கை 2017இல் சட்டத்தால் தடைசெய்தது. தடையை மீறி வரும் படகில் கூலிக்கு நிற்பவன் யார்? அவனும் இராமேசுவரக் கரையைச் சேர்ந்த ஏழை. பலவேளை அவனும் அந்தோனியாரை வேண்டிக்கொண்டே கடலேறுகிறான். 1983க்குப் பின் மன்னாரிலிருந்து ஓடிய அகதிக்கு முதற்சோறு போட்ட கரையும் அதுதான். படகின் முதலாளியையும் படகிலுள்ள கூலியையும் பிரித்தறிந்து பேசவல்ல குரல் இரு கரைகளிலும் கிளைபரப்பியுள்ள திருச்சபைக்கே எளிதில் வாய்க்கும். அக்குரல் இன்னும் உரத்து ஒலிக்கவில்லை.

உள்வீட்டுக் குறை ஒன்றையும் சுட்டாமல் விடமுடியாது. போர் முடிந்தபின் வந்த ‘திட்டங்கள்’ தொண்டரின் கொப்பியைப் படிவமாக மாற்றின. எத்தனை கூட்டம் நடந்தது, எத்தனை பேர் கையொப்பமிட்டனர், எத்தனை பயனாளிகள் என்று நன்கொடையாளர்க்குக் கணக்குக் காட்டுவதே தொண்டாகிவிட்டது. ‘அந்த ஒருவர் எங்கே?’ என்ற கேள்விக்கு அப்படிவத்தில் இடமில்லை. மேலும், எக்குழுவிலும் வேலை செய்வோர் பெரும்பாலும் பெண்கள். முடிவு செய்வோரோ பெரும்பாலும் பங்குத்தந்தையும் ஆண்களும். ஊர் மூப்பரும் அண்ணாவியும் குருவின்றியே திருச்சபையைக் காத்த மண்ணில், குரு மாறினால் குழுவும் படுத்துவிடும் நிலை இன்று பல பங்குகளில் காணப்படுகிறது. இது முன்னேற்றம் அன்று. மன்னாரிலேயே தமிழ்ப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் ஒன்றுகூடி, எவர் குடையின் கீழும் நில்லாமல், தம் அமைப்பைக் கட்டி நடத்திக் காட்டியுள்ளனர். தேவாலயக் குழுக்கள் அவர்களிடம் பாடம் கேட்பதில் இழிவொன்றுமில்லை.

*

இக்குறைகளால் சாதனை பொய்யாகிவிடாது. 2007 செப்டெம்பரில் முள்ளிக்குளம் மக்கள் தம் ஊரிலிருந்து வெளியேற்றப்பட்டனர். ஊரையும் வயலையும் கடற்படை முகாம் விழுங்கிற்று. 2017 மார்ச் 23ஆம் நாள் அம்மக்கள் முகாமின் முன் அமர்ந்தனர். பெண்களும் முதியோரும் குழந்தைகளும் வெயிலிலே இருந்தனர். குருமாரும் தொண்டரும் உடனிருந்தனர். ஏப்ரில் 29ஆம் நாள் நூறு ஏக்கரை விடுவிப்பதாகக் கடற்படை அறிவித்தது. முழு வெற்றியன்று, வாக்குறுதிக்கும் நிறைவேற்றத்துக்கும் இடையே பின்னும் நெடுந்தூரம் இருந்தது. ஆயினும் கொட்டிலில் இருப்போர்க்குத் தகரம் கொடுப்பதோடு நில்லாமல், ‘உங்கள் வீடு எங்கே?’ என்று கேட்டு, அவ்வீட்டு வாயிலுக்கே அவர்களுடன் நடந்து சென்ற தொண்டு அது.

2025 ஆகஸ்டில், காற்றாலைகளும் கனிம மணல் அகழ்வும் தீவின் தரையையும் நீரையும் கெடுக்கும் என அஞ்சி மன்னார் மக்கள் வீதிக்கு வந்தனர். அங்கே கத்தோலிக்கக் குருவும் முஸ்லிம் வணிகரும் சைவப் பெரியவரும் ஒரே பந்தலில் இருந்தனர். செப்டெம்பர் இறுதியில் பொலிஸார் பலம் பிரயோகித்தபோது அடியும் பொதுவாயிற்று. காற்றாலை வேண்டுமா, வேண்டாமா என்பது வல்லுநரும் மக்களும் சேர்ந்து ஆராயவேண்டிய விஷயம். மின்சாரமும் மக்களுக்குத் தேவையே. நாம் குறிப்பது வேறொன்று. 1990இலும் 2012இலும் 2019இலும் பிரிந்து நின்ற சமூகங்கள், தம் காலடி மண்ணைப் பற்றிய கேள்வியில் ஒன்றாக நின்றன. பங்கின் எல்லை அங்கே தளர்ந்தது. இத்தளர்ச்சி நிலைக்குமா என்பதே நாளைய வினா.

*

எழுத்தாளர்களாகிய நமக்கும் இதில் ஒரு கடன் உண்டு. நம் சிறுகதைகளிலே வரும் குருவானவர் ஒன்று வேஷதாரி, அன்றேல் புனிதர். தொண்டரோ வருவதேயில்லை. கொப்பியும் பேனாவுமாய் மரநிழலில் உட்கார்ந்து, ‘உன் பெயர் என்ன, தங்கச்சி?’ என்று கேட்ட அந்த ஆசிரியையை நம் யதார்த்த இலக்கியம் இன்னும் சந்திக்கவில்லை. மன்னார்க் கடலோர ஊர்களில் வாசாப்பும் நாட்டுக்கூத்துமாகப் புனிதர்களின் பாடுகளை விடிய விடிய ஆடிய மரபு உண்டு. அம்மரபுக்குத் தன் ஊர்த் தியாகியைப் பாடும் வலிமை இல்லையென்று எவர் சொல்வார்? வீழ்ந்தவன் பெயரைக் கல்லிலே பொறித்து நட்டவர் நம் முன்னோர். தொல்காப்பியர் அதற்குக் காட்சி முதல் வாழ்த்து ஈறாக ஆறு துறை வகுத்தார். பெயர்ப் பட்டியலும் ஒரு நடுகல்லே. கல் கிடைக்காத காலத்தில் காகிதத்தில் நட்டது அது.

முகஞ்சுளிக்கும் நம் முற்போக்கு நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நம்பிக்கையில் நமக்கும் அவர்களுக்கும் வேற்றுமை இருக்கலாம். மறுமை பற்றிய வாதத்தை மறுமையில் வைத்துக்கொள்வோம். இம்மையில், காணாமற்போன மனிதனைப் பற்றிய கணக்கைக் கேட்டவர்களோடு தோளோடு தோள் நிற்பது முற்போக்குக்கு இழுக்கன்று. போற்றும் பக்தர்களுக்கும் ஒரு வார்த்தை. மேரி பஸ்ரியன் அடிகளுக்கும் பாக்கியரஞ்சித் அடிகளுக்கும் மெழுகுதிரி ஏற்றினால் மட்டும் போதாது. அவர்கள் கொண்டு சென்றது அரிசி மட்டுமன்று. ஒரு கேள்வியும் கூட. அக்கேள்வியை முஸ்லிம் வீட்டு வாயிலிலும், சைவன் வீட்டு வாயிலிலும், எதிர்க்கரை மீனவன் வாயிலிலும், நம்மவர் செய்த தவற்றின் முன்னிலையிலும் கேட்கத் துணியும் நாளில்தான் மன்னாரின் பங்குகள் அனைவர்க்கும் பங்குள்ள இடங்களாகும்.